பனித்தளத்தில் ஒரு கல் ஆட்டம்

கேரம் பலகையைத் தொட்டறியாத தமிழ்க் குடும்பம் அரிது. வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறிச் செல்வோரின் பாத்திர பண்டங்களோடு அந்தப் பலகையும் ரயிலேறி வந்துவிடுகிறது. காயை எவ்வளவு வேகத்தில் தள்ளுவது, எந்தக் காயை விலக்கி எந்தக் காயைக் காப்பது என்ற கணக்கெல்லாம் நம் விரல்களுக்கு இளமையிலேயே பழகிப் போனவை. அந்தப் பலகையை 150 அடி நீளத்துக்கு இழுத்து, மாவு தூவிய மரத்துக்குப் பதிலாகப் பனிக்கட்டித் தளத்தை அமைத்து, காய்க்குப் பதிலாக ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கருங்கல்லை வைத்துப் பாருங்கள். கர்லிங் என்னும் மேனாட்டு ஆட்டத்தின் உருவம் ஓரளவு மனத்தில் தோன்றும்.

இந்த ஆட்டத்தில் 22-வது வயதிலேயே ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற ஓர் இத்தாலியப் பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஸ்டெபானியா கான்ஸ்டன்டினி. அவருடைய ஊராகிய கோர்ட்டினா தாம்பேட்ஸோ, இத்தாலியின் வடகிழக்கில் டோலோமைட் மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர். தங்கம் வென்றது பெரிய செய்திதான். ஆயினும் அதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்துத் தம் சொந்த ஊரில் அவர் பெற்ற வெண்கலம் அதனினும் கடினமாகச் சம்பாதித்தது என்பது நம் எண்ணம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சற்று விளக்கியாக வேண்டும்.

சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் குளிர்காலம் கழித்த நேயர்கள் உறைந்த நீரின் மேல் கால் வைத்துப் பார்த்திருப்பார்கள். அது கண்ணாடி போல் வழுக்கும். கர்லிங் ஆடும் தளமோ அப்படிப்பட்ட வழவழப்பான தளமன்று. ஆட்டம் தொடங்குமுன், பூவாளி போன்ற ஒரு கருவியை முதுகில் சுமந்த பணியாளர் தளமெங்கும் நீர்த்துளிகளைத் தூவிக்கொண்டே நடப்பார். விழுந்த துளிகள் அப்படியே உறைந்து, அம்மியைக் கொத்தியது போன்ற சிறு சிறு மேடுகளாகும். கல்லின் அடிப்பாகமும் தட்டையாக இராது. நடுவில் குழிந்து, ஒரு குறுகிய வளையம் மட்டுமே தளத்தைத் தொடும். அந்த வளையம் இந்த மேடுகளின் தலையில் ஊர்ந்து செல்கிறது. இதற்கென்றே ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கப்பால் கடலில் நிற்கும் எய்ல்சா கிரேக் என்ற சிறு தீவின் கருங்கல்லைத் தேடிக் கொண்டுவருகிறார்கள். நீரை உறிஞ்சாமலும் மோதும்போது சிதறாமலும் இருப்பதே அக்கல்லின் சிறப்பு.

கல்லை விடும்போது கைப்பிடியை மெல்லத் திருப்பிவிட வேண்டும். திருப்பம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே கல் வளைந்து செல்லும். இதில் ஒரு விந்தை உண்டு. நம் வீட்டில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, வழவழப்பான மேஜையின் மேல் வலப்புறமாகச் சுழற்றித் தள்ளினால் அது இடப்புறம் ஒதுங்கும். அவ்வாறே சுழற்றி விட்ட கர்லிங் கல்லோ வலப்புறம் ஒதுங்குகிறது. இதற்கு முழுக் காரணம் என்ன என்பதில் பௌதிக அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேற்றுமை தீரவில்லை. ஆட்டக்காரர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்களுக்கு வேண்டியது, எவ்வளவு வளையும் என்ற அநுபவம் ஒன்றே.

கல் கையை விட்டுப் போன பிறகும் ஆட்டம் கையை விட்டுப் போவதில்லை. ஓடும் கல்லுக்கு முன்னால் துடைப்பம் போன்ற கருவியைக் கொண்டு தளத்தை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்ப்பினால் தளம் இம்மியளவு சூடேறி உராய்வு குறைகிறது. கல் கூடுதலான தூரம் செல்கிறது, வளைவும் குறைகிறது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு, பெரியவர்கள் கல்லுக்கு முன்னால் அவசர அவசரமாகப் பெருக்கிக்கொண்டு ஓடுவது வேடிக்கையாகத்தான் தோன்றும். அந்தப் பெருக்கலில்தான் பல ஆட்டங்களின் வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது.

தளத்தின் கோடியில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்திருக்கும். வெளிவட்டத்தின் குறுக்களவு 12 அடி. ஆட்டக்காரர்கள் இதனை வீடு என்பார்கள். ஒரு சுற்றில் எல்லாக் கற்களும் விட்டு முடிந்தபின், நடுப்புள்ளிக்கு மிக அண்மையில் எவருடைய கல் நிற்கிறதோ அவருக்குத்தான் அந்தச் சுற்றில் புள்ளி. எதிரியின் மிகச் சிறந்த கல்லைக் காட்டிலும் உள்ளே நிற்கும் தம் கல் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு புள்ளி பெறுவார். மற்றவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே சுற்றின் கடைசிக் கல்லை விடும் உரிமை பெருஞ்செல்வம் போன்றது. புள்ளி எடுத்தவர் அடுத்த சுற்றில் பெரும்பாலும் அவ்வுரிமையை எதிரிக்குக் கொடுக்க நேரிடும். எடுக்கவும் வேண்டும், இழக்கவும் கூடாது என்ற இந்த இழுபறியே கர்லிங்.

பழைய முறையில் பக்கத்துக்கு நால்வர் ஆடுவார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக ஆடும் கலப்பு இரட்டையர் ஆட்டம் 2018-ஆம் ஆண்டில்தான் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. இதில் எட்டுச் சுற்றுகள். சுற்றுக்கு ஒரு பக்கத்தார் ஐந்து கற்களை விடுவார்கள். ஒருவர் முதற்கல்லையும் ஐந்தாம் கல்லையும், மற்றவர் இடையிலுள்ள மூன்றையும் விட வேண்டும். இவையன்றி ஆளுக்கொரு கல் முன்னதாகவே தளத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நான்காவதாக விடப்படும் கல்லுக்கு முன்பு எந்தக் கல்லையும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது விதி. ஆதலால் வீட்டுக்குள் கற்கள் கூட்டமாகச் சேர்ந்துவிடும். ஒரே சுற்றில் மூன்று நான்கு புள்ளிகள் கை மாறுவதும் உண்டு. கிரிக்கெட்டில் நாம் கேட்டுப் பழகிய பவர் பிளே என்ற பெயரில் இங்கும் ஒரு சலுகை இருக்கிறது. முன்னரே வைக்கும் கற்களை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றிவைத்து ஆடும் அந்த உரிமையை ஆட்டத்தில் ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம்.

நால்வர் அணியில் ஒருவர் சோர்ந்தால் மூவர் தாங்குவார்கள். இருவர் ஆட்டத்தில் அது நடவாது. கல்லை விட்டவரே எழுந்து ஓடி அதன் முன்னே தேய்க்கவும் வேண்டியிருக்கிறது. அதே சமயம், ஆட்டக்காரர் குறைவாக உள்ள நாட்டுக்கு இது ஒரு நல்வாய்ப்பு. தேர்ந்த நால்வரைத் திரட்ட இயலாத நாட்டில் தேர்ந்த இருவரேனும் கிடைக்கலாம் அல்லவா?

இத்தாலி அப்படிப்பட்ட நாடுதான். கர்லிங் என்றால் கனடா, ஸ்காட்லாந்து, ஸ்வீடன், ஸ்விட்ஸர்லாந்து என்றே உலகம் நினைத்துவந்தது. கனடாவில் சிற்றூர்களிலும் இதற்கென மன்றங்கள் உண்டு. இத்தாலியிலோ பதிவு பெற்ற ஆட்டக்காரர்கள் சில நூறு பேரே. 2006-ஆம் ஆண்டில் டூரின் நகரம் குளிர்கால ஒலிம்பிக்கை ஏற்று நடத்தியபோது, போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இத்தாலிக்கு இடம் கிடைத்தது. பக்கத்து ஊராகிய பினரோலோவில் நடந்த ஆட்டங்களில், ஜோயல் ரெட்டோர்னாஸ் என்ற இளைஞரின் தலைமையில் இத்தாலியர் கனடாவை 7-6 என்று வென்றுவிட்டனர். அந்தக் கனடா அணியே பின்னர் அவ்வாண்டின் தங்கத்தையும் பெற்றது. பதக்கம் ஒன்றும் கிட்டாவிடினும், இப்படி ஓர் ஆட்டம் இருக்கிறது என்பதே அப்போதுதான் பல இத்தாலியருக்குத் தெரிந்தது.

கான்ஸ்டன்டினி பிறந்தது 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி. அவர் வளர்ந்த கோர்ட்டினாவில் 1956-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பனிக்கட்டி அரங்கு ஒன்று இருக்கிறது. 1956-இல் அங்கே அழகுச் சறுக்கல் நடந்தது, ஹாக்கி நடந்தது. கர்லிங் நடக்கவில்லை. அப்போது அது ஒலிம்பிக் ஆட்டங்களில் சேர்ந்திருக்கவில்லை. 1998-ஆம் ஆண்டு ஜப்பானின் நகானோவில்தான் அதற்கு நிலையான இடம் கிடைத்தது. ஆயினும் கோர்ட்டினா மக்கள் கல் ஆட்டத்தைக் கைவிடாமல் ஆடிவந்தார்கள். சிறுமியாக இருந்தபோதே ஸ்டெபானியா அவர்களோடு சேர்ந்தார்.

கால்பந்து வீரருக்குக் கோடி கோடியாகப் பணம் கொட்டும் நாடு அது. கர்லிங்குக்கு அங்கே அப்படி எந்த வருவாயும் இல்லை. பயிற்சிக்கு இடையே அவர் தம் ஊரில் ஒரு கடையில் விற்பனை வேலையும் பார்த்தார். இத்தாலியில் இத்தகைய ஆட்டக்காரர்களுக்கு வாழ்வளிப்பவை பெரும்பாலும் அரசின் படைகள். காவல் துறை, ராணுவம், விமானப்படை முதலியவை தத்தம் விளையாட்டுப் பிரிவுகளில் அவர்களைச் சேர்த்துச் சம்பளம் கொடுக்கின்றன. நம் நாட்டில் ரயில்வேயும் ராணுவமும் செய்வதைப் போன்ற உதவி இது. கான்ஸ்டன்டினி காவல் துறையின் விளையாட்டுப் பிரிவைச் சேர்ந்தவரானார். அவருடைய இணையாகிய அமோஸ் மோசனர் விமானப்படையின் பிரிவைச் சேர்ந்தவர்.

மோசனர் 1995-இல் பிறந்தவர். டிரென்டினோ பகுதியில் செம்ப்ரா என்னும் மலைப்பள்ளத்தாக்கு அவருடைய ஊர். தெருக்களில் பதிக்கும் செந்நிறக் கற்களை வெட்டியெடுக்கும் சுரங்கங்களுக்குப் பெயர்போனது அந்தப் பள்ளத்தாக்கு. கல்லோடு பழகிய ஊரிலிருந்து கல் ஆட்டக்காரர் வந்தது பொருத்தமே! ரெட்டோர்னாஸின் அணியில் சேர்ந்து 2018-ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக் பார்த்தவர் அவர். வலிமையாகக் கல் விடுவதிலும் தேய்ப்பதிலும் வல்லவர். இருவரும் வெவ்வேறு மலைகளுக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள், தத்தம் நால்வர் அணிகளிலும் ஆட வேண்டியவர்கள். கலப்பு இரட்டையருக்கான பயிற்சி அந்த வேலைகளின் இடைவெளியில்தான் நடந்தாக வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் நடந்த உலகப் போட்டியில் இவர்கள் இத்தாலிக்கு ஒலிம்பிக் தகுதியைப் பெற்றுத் தந்தார்கள்.

அவ்வாண்டு டிசம்பரில் கான்ஸ்டன்டினிக்கு ஒரு பின்னடைவு. இத்தாலிய மகளிர் நால்வர் அணி, நெதர்லாந்தில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில் தவறிவிட்டது. பெய்ஜிங் செல்ல அவருக்கு மிஞ்சிய வழி இந்த இருவர் ஆட்டம் மட்டுமே.

2022 பிப்ரவரியில் பெய்ஜிங் நகரில் நடந்தது என்ன? 2008-ஆம் ஆண்டு கோடைக்கால ஒலிம்பிக்கில் நீச்சல் குளமாக இருந்த மண்டபத்தையே பனித்தளமாக மாற்றியிருந்தார்கள். பத்து நாடுகள் பங்குகொண்டன. ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஆட வேண்டும். இத்தாலியர் எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றபின் ஒன்பதாவதாக எதிர்ப்பட்டது கனடா. கனடாவின் ஜான் மோரிஸ் 2018-இல் இதே பந்தயத்தில் தங்கம் வென்றவர். அவருடன் ஆடிய ரேச்சல் ஹோமன் உலகப் புகழ் பெற்றவர். கனடாவுக்கு அது வாழ்வா சாவா என்ற நிலை. இத்தாலியருக்கோ அரையிறுதி முன்னரே உறுதியாகிவிட்டது, விட்டுக்கொடுத்தாலும் நட்டமில்லை. ஆயினும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டுச் சுற்றில் முடிவு காணாமல் மேலும் ஒரு சுற்று ஆடி 8-7 என்று வென்றார்கள். கனடா வெளியேறியது.

அன்று மாலையே அரையிறுதி. முதற்கட்டத்தில் தங்களோடு 20 புள்ளிகள் பரிமாறிய ஸ்வீடனை இம்முறை 8-1 என்று முடித்துவைத்தார்கள். மறுநாள், பிப்ரவரி 8-ஆம் தேதி, நார்வே நாட்டின் கிறிஸ்டின் ஸ்காஸ்லியன், மாக்னஸ் நெட்ரகாட்டன் இணையோடு இறுதி ஆட்டம். இந்த நார்வே இணையின் கதையும் சொல்லத் தக்கது. 2018-இல் இவர்கள் நான்காவதாக வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள். பின்னர் ரஷ்ய ஆட்டக்காரர் ஊக்கமருந்து உண்டதாகத் தெரிந்து அவர்களுடைய பதக்கம் பறிக்கப்பட்டதால், வெண்கலம் இவர்களைத் தேடி வந்தது. இத்தாலியர் 8-5 என்று வென்றனர். ஆடியவை பதினொன்று, வென்றவையும் பதினொன்று. ஒலிம்பிக் கர்லிங்கில் இத்தாலி எந்தப் பதக்கமும் பெற்றது அதுவே முதல் முறை.

வென்றவர்களைப் பற்றி எழுதும்போது, அதன்பின் எல்லாம் எளிதாகிவிட்டது என்று எழுதிவிடுவது வழக்கம். அது உண்மையாக இருப்பதில்லை. யாரும் அறியாத இணை ஆடும்போது, எதிரிக்கு அவர்களுடைய குணம் தெரியாது. எந்த நேரத்தில் துணிவார்கள், எந்தப் பக்கச் சுழலில் தடுமாறுவார்கள் என்பன தெரியாது. தங்கம் பெற்ற மறுநாள் முதல் அவர்களுடைய ஒவ்வொரு கல்லும் படமாக ஆராயப்படுகிறது. மேலும், கான்ஸ்டன்டினி தம் நால்வர் அணியின் தலைவியுமாவார். அந்த அணியை மேலே கொண்டுவரும் பொறுப்பும் அவர் தோளில் இருந்தது. 2023 நவம்பரில் ஐரோப்பியப் போட்டியில் அது ஸ்விட்ஸர்லாந்துக்கு அடுத்ததாக வந்து வெள்ளி பெற்றது. 2024-இல் சிட்னியில் நடந்த உலகப் போட்டியில் நான்காம் இடம். இது ஆஸ்திரேலியச் சிட்னி அன்று, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலுள்ள சிட்னி. நான்காம் இடம் என்பது விளையாட்டில் மிகக் கசப்பான இடம். கடைசி நாள் வரை ஆடியும் கையில் ஒன்றும் இராது.

2025-இல் கனடாவின் பிரெடெரிக்டன் நகரில் கலப்பு இரட்டையர் உலகப் பட்டம் இவர்களுக்குக் கிடைத்தது. இறுதியில் இவர்களிடம் தோற்றவர்கள் ஸ்காட்லாந்தின் ஜெனிபர் டாட்ஸும் புரூஸ் மௌவட்டும். இப்பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்கள்.

அடுத்தது 2026. மிலான் நகரமும் கோர்ட்டினாவும் சேர்ந்து நடத்திய குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங் ஆட்டங்கள் முழுவதும் கோர்ட்டினாவின் அந்தப் பழைய 1956 அரங்கில் நடந்தன. புதுப்பித்திருந்தார்களே தவிர, இடம் அதுதான். தாம் கல் பிடிக்கக் கற்ற ஊரிலேயே, உலகப் பட்டத்தையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒருங்கே சுமந்தபடி ஆட வேண்டிய நிலை கான்ஸ்டன்டினிக்கு. தொடக்க விழாவில் கோர்ட்டினாவில் நாட்டின் கொடியை ஏந்தியவர்களுள் மோசனர் ஒருவர்.

சொந்த ஊரில் ஆடுவது அநுகூலம் என்று சொல்வார்கள். கால்பந்தில் அது மெய்யாக இருக்கலாம். கூச்சல் கால்களுக்கு வேகம் கொடுக்கும். கர்லிங்கில் கைக்கு வேண்டுவது அமைதி. கல்லை விடும் அந்த நொடியில் வேகம் இம்மி கூடினாலும் கல் வீட்டைக் கடந்துவிடும். பெருக்குபவர் எவ்வளவு முயன்றும் ஓடும் கல்லை இழுத்து நிறுத்த முடியாது. ஓட்டத்தை நீட்டத்தான் துடைப்பம் உதவும், குறைக்க உதவாது. தெரிந்த முகங்கள் நிறைந்த அரங்கில், ஆரவாரத்துக்கு நடுவே, அந்த இம்மியைக் காப்பது எளிதா?

பெய்ஜிங்கில் போலத் தோல்வியே இல்லாத ஓட்டமாக இம்முறை அமையவில்லை. முதற்கட்டத்தின் ஒன்பது ஆட்டங்களில் ஆறில் வெற்றி, மூன்றில் தோல்வி. அரையிறுதியில் அமெரிக்காவின் கோரி தீஸ், கோரி டிராப்கின் என்ற இணை எதிர்ப்பட்டது. பெயர் ஒன்றாய் ஒலித்தாலும் முன்னவர் பெண், பின்னவர் ஆண். 2023-இல் உலகப் பட்டம் பெற்றவர்கள். பிப்ரவரி 9-ஆம் தேதி நடந்த அந்த ஆட்டம் 9-8 என்று முடிந்தது. ஒரே புள்ளியில் இத்தாலியரின் தங்கக் கனவு கலைந்தது.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் மறுநாளே. ஓர் இரவு மட்டுமே இடைவெளி. எதிரே நின்றவர்கள், நாம் முன்பு குறிப்பிட்ட டாட்ஸும் மௌவட்டும், இப்போது பிரிட்டனின் பெயரில். 2021-இல் உலகப் பட்டம் பெற்று, 2022-இல் பெய்ஜிங்கில் நான்காம் இடத்தோடு திரும்பியவர்கள். இம்முறை முதற்கட்டத்தில் எல்லோருக்கும் மேலாக நின்றும் அரையிறுதியில் ஸ்வீடனிடம் வீழ்ந்திருந்தார்கள். ஆகவே அரங்கில் நால்வருமே முந்திய நாள் தோற்றவர்கள். ஆட்டத்தின் எண்ணிக்கையே அதன் தன்மையைச் சொல்லும்: 5-3. புள்ளிகள் தாராளமாகப் புரளும் இந்த இருவர் ஆட்டத்தில் இவ்வளவு சிக்கனமான கணக்கு அமைவது அதிகமில்லை. துணிந்து அள்ள முயலாமல், எதிரி அள்ளுவதற்கும் இடங்கொடாமல், ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்து இத்தாலியர் வெண்கலத்தை எடுத்தார்கள். தங்கம் ஸ்வீடனின் இசபெல்லா, ராஸ்மஸ் வரானா என்ற தங்கை அண்ணனுக்கு. டாட்ஸுக்கும் மௌவட்டுக்கும் மறுபடியும் நான்காம் இடம்.

பெய்ஜிங் தங்கத்தைவிட இந்த வெண்கலத்தை நாம் உயர்த்திப் பேசுவது இந்த ஒரு நாளைக் கருதியே. பெய்ஜிங்கில் அவர்கள் ஒரு முறையேனும் தோல்வியிலிருந்து எழ வேண்டியிருக்கவில்லை.

கான்ஸ்டன்டினிக்கு ஓய்வும் உடனே கிடைக்கவில்லை. வெண்கலம் பெற்ற இரண்டொரு நாளில் மகளிர் நால்வர் போட்டி தொடங்கியது. அவர் தலைமை தாங்கிய அணி ஒன்பது ஆட்டங்களை ஆடி, அரையிறுதிக்கு வராமல் நின்றுவிட்டது. அங்கும் தங்கம் ஸ்வீடனுக்கே போயிற்று. இரு பந்தயங்களையும் சேர்த்தால், அந்த ஒரு பிப்ரவரியில், அந்த ஒரே மண்டபத்தில், அவர் பொறுப்பில் இத்தாலிக்கு அமைந்த ஆட்டங்கள் இருபது. அப்போது அவருக்கு வயது 26.